ஈஸ்ட் பெர்கோல்ட் ஆலய மணிகள் ஏன் தரையிலேயே நிற்கின்றன?

ஸ்டவர்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக், எசெக்ஸ் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் எல்லையாக ஓடும் ஸ்டவர் ஆற்றை ஒட்டி ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1776இல் பிறந்த ஊர் என்பதால் அதைப் பார்க்க வருகிறவர்கள் மிகுதி. நானும் குடும்பத்துடன் அதற்காகவே சென்றேன். ஆனால் அங்குள்ள தூய மரியாள் ஆலயத்தின் மணிகளைப் பார்த்த பிறகு, வீடு திரும்பியும் அவற்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆலயத்துக்குக் கோபுரம் இல்லை. மேற்குப் பக்கத்தில் ஒரு கோபுரத்தின் அடிப்பகுதி மட்டும் எழும்பிப் பாதியில் நின்றுபோயிருக்கிறது. மணிகள் ஐந்தும் கல்லறைத் தோட்டத்தில், ஓக் மரத்தால் கட்டி ஓடு வேய்ந்த ஒரு கூண்டுக்குள், ஏறக்குறைய தரைமட்டத்தில் இருக்கின்றன. பக்கச் சுவர்களுக்குப் பதிலாக மரச்சட்டங்களால் ஆன பின்னல் தட்டி. அதன் இடுக்குகள் வழியாக உள்ளே பார்க்க முடிகிறது. ஞாயிறு ஆராதனைக்கு முன் மணியடிப்பவர்கள் உள்ளே சென்று, கயிற்றைத் தொடாமல், மணிகளின் தலையில் பூட்டியிருக்கும் கனத்த மரக்கட்டையைக் கைகளாலேயே தள்ளி அடித்தார்கள். அடிப்பதற்கு முன் மணியின் வாய் வானத்தைப் பார்த்தபடி இருந்தது என்பதுதான் எனக்குப் பெரும் வியப்பு. நம் ஊர்க் கோயில்களிலும் தேவாலயங்களிலும் கவிழ்ந்து தொங்கும் மணியைத்தானே பார்த்துப் பழகியிருக்கிறோம்!

கோபுரம் முடிவதற்குள், மன்னரின் முதன்மை அமைச்சரான கார்டினல் வுல்சி வீழ்ந்துவிட்டதால் பணம் நின்றுபோயிற்று என்றும், தற்காலிகமாக 1531இல் கட்டிய கூண்டு அப்படியே நிலைத்துவிட்டது என்றும் அங்கே ஒருவர் சொன்னார். இந்தக் கதையை எந்த அளவுக்கு நம்பலாம்? மணிகளை ஏன் இப்படித் தலைகீழாக நிறுத்தி அடிக்கிறார்கள்? தற்காலிகம் என்று எழுப்பிய மரக்கட்டுமானம் ஏறக்குறைய 500 ஆண்டுகள் அந்த அதிர்ச்சியைத் தாங்கியது எவ்வாறு? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பழஞ்சுவடி எழுதியது:

வணக்கம். முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மணியடிக்கும் முறையைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

கோபுர வேலை 1525இல் தொடங்கியது, 1530இல் வுல்சியின் வீழ்ச்சியோடு நின்றது, 1531இல் கூண்டு எழுந்தது என்பதே ஊர் மரபு. வுல்சி பிறந்த இப்ஸ்விச் நகரம் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். எட்டாம் ஹென்றி மன்னரின் முதன்மை அமைச்சராக இருந்த காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டிலும் இப்ஸ்விச்சிலும் தம் பெயர் சொல்லும் கல்லூரிகளை நிறுவுவதற்காக அவர் சிறு மடங்கள் பலவற்றை மூடி, அவற்றின் சொத்தை எடுத்துக்கொண்டார். ஈஸ்ட் பெர்கோல்ட்டுக்கு அடுத்த ஊரான பென்ட்லியில் இருந்த டாட்னாஷ் மடம் அவ்வாறு 1525இல் மூடப்பட்ட ஒன்று. கோபுரம் தொடங்கியதாகச் சொல்லும் அதே ஆண்டு! ஆகவே அந்த வட்டாரத்து மக்கள் வுல்சியின் கையைத் தங்கள் வாசலிலேயே பார்த்திருக்கிறார்கள். 1529 அக்டோபரில் பதவி பறிபோய், 1530 நவம்பரில் லெஸ்டரில் அவர் இறந்தார். இப்ஸ்விச் கல்லூரியும் அவரோடு முடிந்தது. செங்கல்லால் ஆன ஒரு வாசல் மட்டும் இன்றும் அந்த நகரத்தில் நிற்கிறது. பாதியில் நின்ற கல்லூரியைப் பார்த்தவர்கள், பாதியில் நின்ற கோபுரத்துக்கும் அவரையே காரணமாகச் சொல்லியிருப்பது இயல்பு.

ஆனால் அவருடைய வீழ்ச்சி ஒன்றையே காரணமாகச் சொன்னால் கதை மிகவும் குறுகிவிடுகிறது என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் சஃபோக் ஊர்களின் பெரிய ஆலயங்கள் பெரும்பாலும் கம்பளித் துணி வணிகத்தின் பணத்தில் எழுந்தவை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டெடம் ஊரின் ஆலயக் கோபுரம் 131 அடி உயரமுள்ளது. ஈஸ்ட் பெர்கோல்ட்டில் வேலை தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் அது முடிந்தது. அந்தக் கோபுரத்தின் அடியில் வடக்கும் தெற்குமாகத் திறந்த ஒரு நடைவழி உண்டு. பவனி வருகிறவர்கள் ஆலயத்தைச் சுற்றிவர அது வழிவிடும். ஈஸ்ட் பெர்கோல்ட்டின் பாதிக் கோபுரத்திலும் அதே போன்ற நடைவழி இருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். அக்கரைக்காரர்கள் எழுப்பியதற்கு இணையாகத் தாங்களும் எழுப்பவேண்டும் என்ற ஊர்ப் பெருமிதம் அதில் இருந்ததாகவே நான் கருதுகிறேன்.

அந்தப் பெருமிதத்துக்கு வந்த நேரம் கெட்ட நேரம். 1525இல் பிரான்சின் மீது படையெடுக்கப் பணம் திரட்டுவதற்காக வுல்சி ஒரு புதிய வரியை விதித்தார். பொதுமக்கள் தம் உடைமையில் ஆறில் ஒரு பங்கும், குருமார்கள் மூன்றில் ஒரு பங்கும் தரவேண்டும் என்றார். அதை எதிர்த்து சஃபோக்கின் லேவனம் பகுதியில் நெசவாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு எழுந்தார்கள். மன்னர் அந்த வரியைக் கைவிட நேர்ந்தது. 1528இல், நெதர்லாந்தையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸுடன் போர் அறிவித்தபோது, நெதர்லாந்துத் துறைமுகங்களுக்குத் துணி போவது தடைப்பட்டு, சஃபோக் நெசவாளர்கள் வேலையிழந்தார்கள். துணி விற்காத ஊரில் கோபுரம் எழுப்பப் பணம் எங்கிருந்து வரும்? வுல்சி பதவியில் நீடித்திருந்தாலும் அந்தக் கோபுரம் தடுமாறித்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூண்டு எழுந்ததாகச் சொல்லும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, அதாவது 1532இல், டோவர்கோர்ட் ஊர் ஆலயத்தில் இருந்த, அற்புதம் செய்வதாக மக்கள் நம்பிய சிலுவைச் சுரூபத்தை நால்வர் இரவில் எடுத்துச் சென்று எரித்தார்கள். அவர்களில் மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த மூவரில் ஒருவரான ராபர்ட் டெப்னம் ஈஸ்ட் பெர்கோல்ட்டைச் சேர்ந்தவர். பழைய பக்தி முறைகளுக்கு எதிராக உயிரையே கொடுக்கத் துணிந்தவர்கள் இருந்த ஊரில், பவனி வருவதற்கு நடைவழி வைத்த கோபுரத்தை முடிக்க எல்லாரும் ஒரே மனதாகப் பணம் போட்டிருப்பார்களா என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் பவனிகளே நின்றுபோயின. ஆகவே வுல்சி கதையை நான் தள்ளிவிடவில்லை. அது பல காரணங்களுள் ஒன்று, அவ்வளவுதான்.

நடுமணி எழுதியது:

மணியடிக்கும் முறையைப் பற்றி நான் எழுதுகிறேன். நான் மிட்லண்ட்ஸ் பகுதியில் வசிக்கிறேன். எங்கள் ஊர் ஆலயத்தில் கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டு, இப்போது ஞாயிறுதோறும் அடிக்கிறேன். ஈஸ்ட் பெர்கோல்ட் மணிகளை எங்கள் வட்டத்தில் எல்லாருமே மரியாதையுடன் பேசுவார்கள்.

முதலில் ஒரு பொது விளக்கம். நம் ஊரில் பெரும்பாலும் மணி அசையாமல் தொங்கும், நாக்கை ஆட்டி அடிப்போம். அல்லது மணியைச் சிறிதளவு ஊஞ்சலாட்டுவோம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டு முதல் வளர்ந்த முறை வேறு. மணியை முதலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி, ஆட்டத்தின் வீச்சை ஏற்றிக்கொண்டே போய், இறுதியில் வாய் மேல்நோக்கி நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து மெல்ல விட்டால் மணி கீழே விழுந்து, முழு வட்டம் சுற்றி, மறுபக்கத்தில் மீண்டும் வாய் மேலாக வந்து நிற்கும். அடுத்த அடிக்கு எதிர்த்திசையில் ஒரு முழு வட்டம். ஒவ்வொரு வட்டத்திலும் மணி மேலேறும்போது நாக்கு ஒரே ஒரு முறை அடிக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், நேரத்தைக் கையில் வைத்திருப்பதற்கு. தொங்கும் மணி ஊசல் போல் தனக்கென்று ஒரு கால அளவில்தான் ஆடும். அதை அவசரப்படுத்தவும் முடியாது, தாமதப்படுத்தவும் முடியாது. வாய் மேலாக நிற்கும் மணியோ சமநிலையின் விளிம்பில் இருக்கிறது. ஒரு நொடியின் ஒரு பகுதி கூடுதலாக அங்கே பிடித்து நிறுத்தினால் அடுத்த அடி தாமதமாகும். சற்று முன்னதாக விட்டால் விரைவாகும். இந்தக் கட்டுப்பாடு கைவந்த பிறகுதான் மணிகளின் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றி அடிக்கும் கலை பிறந்தது. ஐந்து மணிகளை 120 வரிசைகளில் அடிக்கலாம். ஆறு மணிக்கு 720, ஏழு மணிக்கு 5,040. ஏழு மணிகளின் அத்தனை வரிசைகளையும், ஒன்றைக்கூடத் திரும்ப அடிக்காமல் முழுமையாக அடித்து முடித்த முதல் நிகழ்வாக, நாரிச் நகரின் தூய பேதுரு மான்கிராஃப்ட் ஆலயத்தில் 1715 மே 2 அன்று நடந்ததைக் குறிப்பிடுவார்கள். இன்று இங்கிலாந்தில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட ஆலயக் கோபுரங்களில் மணிகள் இந்த முறையில் மாட்டப்பட்டுள்ளன.

அந்தக் கோபுரங்களில் மணிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரச்சக்கரம் இருக்கும்; அதைச் சுற்றி வரும் கயிறு, தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே நிற்பவர் கைக்கு வரும். ஈஸ்ட் பெர்கோல்ட்டில் மணி மேலே இல்லை, அடிப்பவர் கீழே இல்லை. இருவரும் ஒரே மட்டத்தில் நிற்கிறார்கள். ஆகவே தலைக்கட்டையையே பிடித்துத் தள்ளுகிறார்கள். கயிறும் சக்கரமும் தரும் நெம்பு வசதி அங்கே கிடையாது. பெரிய மணி ஒரு டன் ஆறு ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஏறத்தாழ 1,320 கிலோ. ஐந்தும் சேர்ந்து நாலேகால் டன். ஐந்து மணி கொண்ட வரிசைகளில் இங்கிலாந்தில் இன்று அடிக்கப்படுவனவற்றுள் இதுவே மிகக் கனமானது என்று கருதுகிறார்கள்.

1,320 கிலோவை ஒரு மனிதர் கையால் தள்ளுவது நடக்கிற காரியமா என்று தோன்றும். மணி வாய் மேலாகச் சமநிலையில் நிற்கும்போது அதை விழச்செய்ய ஒரு சிறு உந்தலே போதும். விழுந்த வேகமே அதை மறுபக்கம் ஏற்றிவிடும். அச்சு முளைகளின் உராய்விலும் காற்றிலும் நாக்கின் அடியிலும் இழந்த சிறு அளவை மட்டும் அடிப்பவர் கூட்டித் தரவேண்டும். உண்மையான கடினம் தள்ளுவதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. ஏறிவரும் கட்டையைச் சரியான நொடியில் கையேந்தி, சமநிலையைத் தாண்டவிடாமல் பிடித்து, மற்ற நால்வர் அடிக்கும் வரை காத்திருந்து மீண்டும் விடவேண்டும். கயிறு பிடிக்கும் எங்களுக்கு மணி பல அடி உயரத்தில், பாதுகாப்பான தூரத்தில் இருக்கிறது. அவர்களுக்கோ சுழலும் வெண்கலம் கையெட்டும் தொலைவில் இருக்கிறது; தவறான இடத்தில் கை வைத்தால் எலும்பு முறியும். ஒலியும் அப்படியே. கோபுரத்தில் இடையில் உள்ள தளங்கள் ஒலியை மட்டுப்படுத்தும்; கூண்டில் அப்படி எதுவும் இல்லை. தட்டிக்கு வெளியே நின்று கேட்கும்போதும் குழந்தைகளின் காதை மூடிவிடுவது நல்லது.

தாங்கள் அடுத்த முறை போனால் ஒன்றைக் கவனியுங்கள். நாக்கு ஒரே இடத்தில் நூறாண்டுகளுக்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தால், மணியின் விளிம்பில் உட்புறமாக வழவழப்பான ஒரு குழி விழும். குழி ஆழமானால் மணி விரிசல் விடும். அதற்காகப் பழைய மணிகளைக் கழற்றி, கால் வட்டம் திருப்பி மீண்டும் மாட்டுவார்கள். நாக்கு அப்போது தேயாத புதிய இடத்தில் அடிக்கும். ஒரு பழைய மணிக்குள் இத்தகைய குழிகள் இரண்டு இடங்களில் எதிரெதிராகவும், அவற்றுக்குக் குறுக்கே இன்னும் இரண்டும் தெரிந்தால், அது ஒருமுறை திருப்பப்பட்ட மணி என்று பொருள். கோபுரங்களில் இதைப் பார்க்க ஏணி ஏறி, தூசியில் படுத்துக்கொண்டு, கைவிளக்குடன் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்; கூண்டிலோ மணிகள் தரைமட்டத்திலேயே இருக்கின்றன.

தச்சுப்பட்டறை எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எங்கள் குடும்பம் தச்சுத் தொழில் செய்த குடும்பம். நான் கட்டடப் பொறியியல் படித்து, பழைய மரக்கட்டுமானங்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருக்கிறேன்.

மணியைத் தாங்கும் சட்டம் சுமப்பது மணியின் எடையை மட்டும் அன்று. முழு வட்டம் சுற்றும் மணி, வட்டத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடக்கும் நொடியில், தன் எடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விசையுடன் கீழ்நோக்கி இழுக்கிறது. பக்கவாட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு விசையுடன், ஒருமுறை இப்புறமும் ஒருமுறை அப்புறமுமாகத் தள்ளுகிறது. அந்தப் பெரிய மணியைக் கணக்கிட்டால், கீழ்நோக்கி ஐந்து டன்னுக்கும் மேல், பக்கவாட்டில் இரண்டரை டன்னுக்கும் மேல் வரும். கோபுரத்தில் இந்தப் பக்கவாட்டு விசைதான் ஆபத்தானது. உயரம் கூடக்கூட அதன் நெம்பு கூடும், கோபுரமே அசையும். மணியடிக்கும்போது சுவரில் கை வைத்தால் பல கோபுரங்களில் அந்த அசைவை உணரலாம். அதனால்தான் ஒரு மணி கிழக்கும் மேற்குமாகவும் அடுத்தது வடக்கும் தெற்குமாகவும் ஆடும்படி அமைத்து விசையைப் பங்கிட முயன்றார்கள். மணிகளைக் கோபுரத்தில் இயன்ற அளவு தாழ்வாகவும் வைத்தார்கள்.

ஈஸ்ட் பெர்கோல்ட்டில் இந்தச் சிக்கலே எழவில்லை. சட்டம் தரையில் நிற்கிறது. விசை கீழ் உத்தரங்கள் வழியாக நேரே மண்ணுக்குப் போய்விடுகிறது. கோபுரம் கட்ட முடியாமல் போனது ஊருக்கு இழப்பாக இருந்திருக்கலாம். மணிச்சட்டத்தைப் பொறுத்தவரை அது நல்வாய்ப்பு என்பேன். வேறு ஊர்களில் இதே வயதுள்ள மரச்சட்டங்கள் கோபுரத்தின் அசைவில் பொருத்துகள் தளர்ந்து, 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வரிசையாகக் கழற்றி எறியப்பட்டன. அவற்றின் இடத்தில் வார்ப்பிரும்பு, எஃகுச் சட்டங்கள் வந்தன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். மணிகள் அதனால் எளிதாகச் சுழன்றன. ஆனால் எத்தனை தச்சர்களின் வேலை அப்படி விறகாகப் போயிற்று என்று நினைக்கையில் மனம் வருந்துகிறது. இப்போது மனப்போக்கு மாறியிருக்கிறது. பழைய சட்டத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதற்குக் கீழே புதிய சட்டம் அமைத்து மணிகளை இறக்கி மாட்டுவது இன்று பரவலான வழக்கம்.

மரவேலைக்கு வருவோம். அந்தக் காலத்து ஆங்கிலத் தச்சர்கள் ஓக் மரத்தை உலர்த்தாமல், வெட்டிய பச்சையிலேயே இழைத்தார்கள். ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி மற்றதன் துளையில் செருகியபின், இரண்டையும் ஊடுருவ மர ஆணி அடிப்பார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கழுந்தில் போடும் ஆணித்துளையை, வெளிமரத்தின் துளைக்கு நேராகப் போடாமல், சிறிதளவு உட்புறம் தள்ளிப் போடுவார்கள். ஆணியை அடித்து இறக்கும்போது அது வளைந்து, கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். பிறகு பச்சை மரம் உலர்ந்து சுருங்கும்போது துளை ஆணியை இன்னும் கவ்விக்கொள்ளும். இரும்பு ஆணி பயன்படுத்தியிருந்தால், ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்பை அரித்து, சுற்றியுள்ள மரமும் கறுத்துப் போயிருக்கும். பொருத்து இருக்கும் இடங்களில் மர ஆணியின் தலை சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத் தட்டியின் இடுக்கு வழியாகவே பார்க்கலாம்.

கூண்டின் பகை ஈரம். தரையைத் தொடும் கீழ் உத்தரங்களும் தூண்களின் அடியுமே முதலில் இற்றுப்போகும். ஆனால் இவ்வகைக் கட்டுமானத்தில் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே மாற்ற முடியும். இற்ற அடியை மட்டும் அறுத்தெடுத்து, புதிய ஓக் துண்டை ஒட்டுப் பொருத்தாக இணைத்துவிடலாம். மேலே செங்குத்தான ஓட்டுக்கூரை மழையை விரைவாக வடித்துவிடுகிறது. பின்னல் தட்டி வழியாகக் காற்று புகுந்து ஈரத்தை உலர்த்துகிறது. ஒலி வெளியேறுவதற்கென்று விட்ட அந்த இடுக்குகளே மரத்தையும் காத்தன.

ஸ்டவர்க்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான விளக்கங்கள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. தொடர்ந்து இரண்டு ஐயங்கள். கூண்டு முதலில் ஆலயத்தின் கிழக்கே இருந்தது என்றும், பக்கத்தில் இருந்த ஓல்ட் ஹால் மாளிகைக்காரர் மணியோசையைப் பொறுக்காமல் முறையிட்டதால் 17ஆம் நூற்றாண்டில் இப்போதுள்ள இடத்துக்கு மாற்றினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். இவ்வளவு பெரிய மரக்கட்டுமானத்தை இடம் மாற்றுவது இயலுமா? இது போன்ற கூண்டுகள் வேறு ஊர்களிலும் உண்டா?

தச்சுப்பட்டறை எழுதியது:

இடம் மாற்றுவது முற்றிலும் இயலும். மர ஆணிகளைத் தட்டி எடுத்துவிட்டால் சட்டம் முழுவதையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்துவிடலாம். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு உரியது என்று தெரிவதற்காகத் தச்சர்கள் பொருத்துகளுக்கு அருகில் உளியால் கீறி எண் இடுவது வழக்கம். நேர்கோடுகளால் ரோமன் எண் போல அவை இருக்கும். பட்டறையில் ஒருமுறை கூட்டிப் பார்த்து, பிரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், களத்தில் மீண்டும் கூட்டுவதே அவர்கள் முறை. ஆகவே ஊர் மரபு சொல்லும் அந்த இடமாற்றத்தில், தொழில்முறையில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

பழஞ்சுவடி எழுதியது:

மற்ற ஊர்களைப் பற்றி: ஸ்டவர் ஆற்றின் தென்கரையில், எசெக்ஸ் மாவட்டத்து ராப்னஸ் ஊரில், கோபுரம் இழந்த ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரே ஒரு மணியுடன் சிறு மரக்கூண்டு நிற்கிறது. தங்களுக்கு அருகில்தான், ஈஸ்ட் பெர்கோல்ட்டுடன் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆலயத்தைத் தொடாமல் தனித்து நிற்கும் பெரிய மர மணிமாடங்களைப் பார்க்க விரும்பினால், கென்ட் மாவட்டத்தில் புரூக்லண்டும், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபர்ட்ஷயரில் பெம்பிரிட்ஜும் உள்ளன. பெம்பிரிட்ஜ் மாடத்தின் உள்ளே நான்கு பெருந்தூண்கள் கூரை வரை ஏறுகின்றன. வெளிப்புறம் அடுக்கடுக்காகக் கூரை சரிந்து இறங்குகிறது.

பெம்பிரிட்ஜைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அதன் தூண்களை மரவளையங்களைக் கொண்டு காலக்கணிப்பு செய்தபோது, அவை 1207க்கும் 1223க்கும் இடையில் வெட்டப்பட்ட மரங்கள் என்று தெரியவந்தது. மேற்பகுதியில் பெரும்பாலானவை 1668, 1669 ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டவை. மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் குறுகலாகவும் விழும். அந்த அகலங்களின் வரிசையை, ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு வளையத்துக்கும் உரிய ஆண்டு கிடைத்துவிடும். பட்டையை ஒட்டிய வெளி வளையம் சிதையாமல் இருந்தால் மரம் வெட்டிய ஆண்டையே சொல்லலாம். மரத்தின் கெட்டியான உட்பகுதியாகிய வைரம் மட்டும் மிஞ்சி, வெளிப்புற வெண்பகுதி உதிர்ந்துபோயிருந்தால், பெம்பிரிட்ஜில் போல ஓர் இடைவெளியாகத்தான் சொல்ல முடியும். ஊர் மரபு தரும் 1531 போன்ற ஓர் ஆண்டைச் சோதித்துப் பார்க்க இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. தாங்கள் அங்கே போகும்போது, உத்தரங்களின் வெட்டுமுனைகளில் வெளிப்புறமாக நிறம் வெளுத்த ஒரு விளிம்பு எஞ்சியிருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து இங்கே இடுங்கள்.

நடுமணி எழுதியது:

போகிற நாளை ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொண்டு, ஆராதனைக்கு முன்னதாகவே சென்றுவிடுங்கள். அடித்து முடித்து வெளியே வருகிறவர்களிடம் தயங்காமல் பேசுங்கள். எந்த ஊர் மணியடிப்பவர்களும் கேள்வி கேட்பவரைக் கண்டால் மகிழ்வார்கள். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர் கிடைப்பது அரிதாகி வருகிறது. இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூன் முதல் நாடெங்கும் ஆலய மணிகளை அடிக்கத் தடை இருந்தது. எதிரிப் படை இறங்கினால் மட்டுமே எச்சரிக்கையாக அடிக்கவேண்டும் என்பது உத்தரவு. எகிப்தில் எல் அலமைன் போரில் பெற்ற வெற்றிக்காக 1942 நவம்பர் 15 அன்று ஒருநாள் அடிக்க அனுமதித்தபோது, அடிக்கத் தெரிந்த இளைஞர்கள் பலர் போர்முனையில் இருந்ததால், பல ஊர்களில் முதியவர்களே மணிகளைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. 1943இல் தடை நீங்கியது. கயிற்று முறையைக் கற்றுக்கொடுக்க நாட்டில் ஆயிரக்கணக்கான கோபுரங்கள் இருக்கின்றன. கையால் தள்ளி ஐந்து மணிகளை அடிக்கும் முறையைக் கற்பதற்கு அந்தக் கூண்டுக்குத்தான் போகவேண்டும். தங்களுக்கு உடல் வலு இருந்தால், கற்றுத்தருவார்களா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.